சயனைடு போய்விடும், பாதரசம் போகாது: தங்கம் எடுக்கும் ரசாயனங்களின் ஆயுள் கதை

தங்கம் பிரித்தெடுக்கப் பயன்படும் ரசாயனங்களில் எது அதிக ஆபத்து என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் சயனைடு என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டதுமே சாவுதான் நினைவுக்கு வருகிறது. பாதரசத்தின் மேல் அவ்வளவு பயம் கிடையாது. பழைய தெர்மாமீட்டரில் இருந்ததுதானே, உடைந்தால் வெள்ளி முத்துபோல உருண்டோடுமே, அதைக் கையில் வைத்து விளையாடியவர்கள்கூட நிறையப் பேர் இருப்பார்கள்.

ஆனால் ஒரு தங்கச் சுரங்கம் மூடப்பட்டு ஐம்பது, நூறு வருடம் கழித்து அதன் கீழே ஓடும் ஆற்றுக்குப் போய் வண்டலையும் மீனையும் எடுத்துச் சோதித்தால் கதை தலைகீழாக இருக்கும். சயனைடு பெரும்பாலும் இருக்காது. பாதரசம் இருக்கும், அதுவும் போட்டபோது இருந்ததைவிட மோசமான வடிவத்தில்.

எவ்வளவு வேகமாகக் கொல்லும் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு காலம் இருக்கும் என்பது இன்னொரு கேள்வி. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சுரங்க நிறுவனம் ஒன்று "சயனைடு தானாகவே சிதைந்துவிடும்" என்று சொன்னால் உடனே அது பொய் என்று கோபப்படுகிறோம். அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மைதான். எந்தச் சூழலில் சிதையும், எதில் சிதையாது, சயனைடு போன பிறகு அங்கே வேறு என்ன மிச்சம் இருக்கும் என்பதெல்லாம்தான் அந்த வாக்கியத்தில் விடுபட்டுப் போகிறது. அவற்றைக் கேட்கத் தெரிய வேண்டும் என்றால் கொஞ்சம் வேதியியல் வேண்டும். கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்.

முதலில், தங்கம் எடுக்க ரசாயனம் எதற்கு? இன்று தோண்டப்படும் பல சுரங்கங்களில் ஒரு டன் பாறையில் இருப்பது ஒன்றிரண்டு கிராம் தங்கம்தான். அதுவும் கட்டியாக இருக்காது, கண்ணுக்கே தெரியாத துகளாகப் பாறைக்குள் தெளித்துவிட்டதுபோல் இருக்கும். கையால் பொறுக்கவோ சலிக்கவோ முடியாது. ஆகவே தங்கத்தைத் தேடிப்போய்ப் பிடிக்கிற ஒரு திரவம் வேண்டும்.

அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்து வந்தது பாதரசம். அரைத்த பாறைத்தூளையோ ஆற்று மணலையோ பாதரசத்தோடு கலந்தால் தங்கத் துகள்கள் அதில் ஒட்டிச் சேர்ந்துகொள்ளும். இதை ரசக்கலவை என்பார்கள். துணியில் போட்டுப் பிழிந்தால் களிமண் மாதிரி ஒரு உருண்டை கிடைக்கும், அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். பாதரசம் கொதிப்பது 357 டிகிரி செல்சியஸில். உருண்டையைச் சூடாக்கினால் அது ஆவியாகிப் போய்விடும், தங்கம் தங்கிவிடும். ஒரு தகரத் தட்டும் ஒரு அடுப்பும் இருந்தால் போதும். இவ்வளவு சுலபம் என்பதால்தான் இன்றும் 70-க்கும் மேற்பட்ட நாடுகளில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறு சுரங்கத் தொழிலாளர்கள் இதை நம்பிப் பிழைக்கிறார்கள்.

சயனைடு பின்னால் வந்தது. 1887-இல் கிளாஸ்கோ நகரில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சேர்ந்து இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். சோடியம் சயனைடை நிறையத் தண்ணீரில் கரைத்து, நூற்றுக்கு 0.01 முதல் 0.05 பங்கு என்ற மிக மெல்லிய கரைசலாக, அரைத்த பாறையின் மேல் விடுவார்கள். காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, வேறு எதிலும் லேசில் கரையாத தங்கம் இதில் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். அப்புறம் கரியைப் போட்டுத் தங்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். பெரிய சுரங்கங்கள் பெரும்பாலானவற்றில் இன்று இதுதான் முறை. இந்தக் கரைசலில் எப்போதும் சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையை உயர்த்தி, பி.எச். 10-க்கு மேல் வைத்திருப்பார்கள். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு ரசாயனம் "போய்விட்டது" என்று சொல்லும்போது நான்கில் ஏதோ ஒன்று நடந்திருக்கலாம். உண்மையிலேயே உடைந்து வேறு பொருளாக மாறியிருக்கலாம். இங்கிருந்து கிளம்பி வேறு இடத்துக்கு, காற்றுக்கோ கடலுக்கோ, போயிருக்கலாம். நிறையத் தண்ணீர் கலந்து, அளக்கும் கருவிக்குச் சிக்காத அளவுக்கு நீர்த்துப்போயிருக்கலாம். அல்லது வண்டலில், களிமண்ணில், இரும்புத் துருவில் ஒட்டிப் பூட்டிக்கொண்டிருக்கலாம். நான்கில் எது நடந்திருந்தாலும், ஆற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் "இல்லை" என்றே அறிக்கை வரலாம். முதலாவது மட்டும்தான் உண்மையில் போனது. மற்ற மூன்றும் இடம் மாறியதுதான்.

ஆயுளை அளக்க அரை ஆயுட்காலம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 100 கிராம் ஒரு பொருள் 10 நாளில் 50 கிராமாகக் குறைகிறது என்றால் அதன் அரை ஆயுட்காலம் 10 நாள். இன்னொரு 10 நாளில் அது 25 ஆகும், அடுத்த பத்தில் பன்னிரண்டரை. பூஜ்யத்தைத் தொடாது, ஆனால் குறைந்துகொண்டே போகும். கதிரியக்கப் பொருள்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. யுரேனியத்தின் அரை ஆயுட்காலத்தை வெயிலோ குளிரோ மாற்ற முடியாது, எங்கே வைத்தாலும் அதேதான். ரசாயனங்களுக்கு அப்படி இல்லை. வெயில் படும் ஆழமில்லாத குளத்தில் சில நாள்களில் பாதியாகும் அதே பொருள், பனிக்கட்டி மூடிய குளத்தில் மாதக்கணக்கில் இருக்கலாம். ஆகவே "இந்த ரசாயனத்தின் ஆயுள் இத்தனை நாள்" என்று ஒற்றை எண்ணை யாராவது நீட்டினால், எந்த இடத்தில், எந்தத் தட்பவெப்பத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது சயனைடையும் பாதரசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சயனைடு என்பது ஒரு கார்பன் அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் கைகோத்து நிற்கும் ஒரு ஜோடி. அதன் நஞ்சு முழுவதும் அந்தக் கைகோப்பில்தான் இருக்கிறது. பிரித்துவிட்டால் கார்பனும் நைட்ரஜனும்தான், நம் உடம்பும் செடிகொடிகளும் எவற்றால் ஆனவையோ அவையேதான். பாதரசம் ஒரு தனிமம். அதற்கு உள்ளே பிரிப்பதற்கு என்று எதுவும் கிடையாது. எரித்தாலும் பாதரசம், கரைத்தாலும் பாதரசம், புதைத்தாலும் பாதரசம். வடிவம் மாறும், கூட்டாளி மாறுவான், அணு அப்படியே இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதிலிருந்து தானாக விளங்கும் என்பது என் எண்ணம்.

சயனைடை முதலில் பார்ப்போம். இயற்கைக்கு இது புதிய பொருள் இல்லை. மரவள்ளியும் சோளப்பயிரும் தங்களைத் தின்ன வருகிற பூச்சிகளிடமிருந்து தப்பிக்கச் சயனைடு உண்டாக்கும் பொருள்களை வைத்திருக்கின்றன. நம் கல்லீரலிலேயே சிறிய அளவு சயனைடைத் தையோசயனேட் என்ற, நஞ்சு குறைந்த பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும் நொதி உண்டு. உலகில் எவ்வளவோ காலமாக இருக்கும் நஞ்சு என்பதால் அதை உடைக்கத் தெரிந்த உயிர்களும் எவ்வளவோ காலமாக இருக்கின்றன. சில பாக்டீரியாக்கள் அதையே உணவாகவும் எடுத்துக்கொள்கின்றன. இதனால் சயனைடு உணவுச் சங்கிலியில் மேலே மேலே சேர்ந்துகொண்டு போவதில்லை. அளவு மீறினால் அங்கேயே அப்போதே கொல்லும், மீறாவிட்டால் உடம்பு வெளியேற்றிவிடும்.

சுரங்கக் கழிவுக் குளத்தில் அது குறைவதற்கு முதல் வழி ஆவியாவது. சுண்ணாம்பு போட்டு வைத்திருப்பார்கள் என்றேன் அல்லவா? காரத்தன்மை உயரமாக இருக்கும்வரை சயனைடு தண்ணீருக்குள் அடங்கியிருக்கும். மழைநீர் கலந்தும், காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தும் காரத்தன்மை இறங்கினால் அது ஹைட்ரஜன் சயனைடு வாயுவாக மாறும். இந்த வாயு சுமார் 26 டிகிரியிலேயே கொதிக்கும், ஆகவே குளத்திலிருந்து மெல்லக் கிளம்பிக் காற்றில் கலந்துவிடும். அது காற்றில் மாதக்கணக்கில் சுற்றவும் செய்யும், ஆனால் மிக மிக நீர்த்த அளவில். (மூடிய கட்டடத்துக்குள் இதே வாயு கிளம்பினால் அங்கே வேலை செய்பவர் உயிருக்கு ஆபத்து. சுண்ணாம்பு போடுவது அதனால்தான், சிக்கனத்துக்காக மட்டும் இல்லை.) இரண்டாவது வழி, ஆக்சிஜனோடு சேர்ந்து சயனேட் என்ற பொருளாக மாறுவது. அது பிறகு அம்மோனியாவாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாறும். மூன்றாவது, பாக்டீரியா.

வெயில், காற்று, உயிர். இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் சயனைடுக்கு ஆயுள் குறைவு. மூன்றும் இல்லாத இடத்தில்தான் பிரச்சினை. கழிவு மண் மேட்டின் ஆழத்துக்குள், நிலத்தடி நீரில், குளிர்காலத்தில் பனி மூடிய குளத்துக்குக் கீழே சயனைடு எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் உட்கார்ந்திருக்கும். கழிவுக் குளத்தின் அடியில் போட்ட தார்ப்பாய் கிழிந்து நிலத்துக்குள் கசிந்தால், மேலே வெயிலில் சிதைந்ததை வைத்துப் போட்ட கணக்கு கீழே செல்லாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சயனைடு தங்கத்தை மட்டும் பிடிப்பதில்லை, பாறையில் இருக்கும் செம்பு, துத்தநாகம், நிக்கல், இரும்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். இவற்றை வேதியியலில் அணைவுச் சேர்மங்கள் என்பார்கள். துத்தநாகத்தின் பிடி தளர்ந்தது, கொஞ்சம் அமிலம் பட்டாலே சயனைடை விட்டுவிடும். செம்பு, நிக்கல் நடுத்தரம். இரும்பின் பிடி உடும்புப் பிடி. இரும்போடு சேர்ந்த சயனைடு அவ்வளவு சுலபமாகச் சிதையாது, நூறு வருடப் பழைய நிலக்கரி வாயு ஆலைகள் இருந்த மண்ணில் அது இன்னமும் நீல நிறமாகக் கிடக்கிறது. பிரஷ்ய நீலம் என்று ஓவியர்கள் பயன்படுத்தும் நிறமி அதுதான். ஆச்சரியம் என்னவென்றால், அதே பிரஷ்ய நீலத்தைத் தாலியம் நஞ்சுக்கும் கதிரியக்க சீசியத்துக்கும் மருந்தாக வாயில் போட்டு விழுங்கக் கொடுக்கிறார்கள். இரும்பு அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பதால் சயனைடு உடம்புக்குள் வெளியே வர முடிவதில்லை. நீண்ட காலம் இருப்பதும் நஞ்சாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்புச் சயனைடின் மேல் சூரியனின் புறஊதாக் கதிர் பட்டால் அந்தப் பிடியும் தளர்ந்து, சயனைடு மெதுவாக வெளியே வரும். இதுவரை பத்திரமாக இருந்தது ஆற்றின் மேற்பரப்புக்கு வந்ததும் நஞ்சாகிறது.

இதனால்தான் சோதனை அறிக்கைகளில் சயனைடு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தனித்து நிற்கும் சயனைடு ஒன்று. மெல்லிய அமிலத்திலேயே பிரிந்துவரக்கூடியது ஒன்று. இரும்போடு இருப்பதையும் சேர்த்த மொத்தச் சயனைடு ஒன்று. சர்வதேச சயனைடு மேலாண்மை நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது, விரும்பிச் சேரும் நிறுவனங்களுக்கானது. பறவைகள் வந்து இறங்கும் திறந்த கழிவுக் குளத்தில் இரண்டாவது வகைச் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. ஆற்றில் மீன்களைக் காக்க வேண்டுமானால் தனிச் சயனைடு லிட்டருக்கு 0.022 மில்லிகிராம்தான். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். மீன்களுக்குச் சயனைடு அவ்வளவு ஆகாது. அறிக்கையில் "சயனைடு" என்று மட்டும் போட்டு ஒரு எண் கொடுத்திருந்தால், மூன்றில் எது என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த நெறிமுறை உருவாகக் காரணமாக இருந்தது ருமேனியாவில் உள்ள பாயா மாரே ஊரில் நடந்த விபத்து. 2000 ஜனவரி 30 அன்று, கனமழையும் உருகிய பனியும் சேர்ந்து ஒரு கழிவுக் குளத்தின் கரையை உடைத்தது. பழைய சுரங்கக் கழிவிலிருந்தே மிச்சத் தங்கத்தை எடுக்கும் ஆலை அது. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர், செம்பு முதலான உலோகங்களோடு, சோமேஷ் ஆற்றுக்கும் அங்கிருந்து ஹங்கேரியின் டிசா ஆற்றுக்கும் பாய்ந்தது. ஹங்கேரியில் மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல் மீன் செத்து மிதந்தது. நான்கு வாரம் கழித்து, சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி, டான்யூப் ஆறு கருங்கடலில் கலக்கும் இடத்திலும் அந்தச் சயனைடை அளக்க முடிந்தது. நடுக் குளிர்காலம், வெயிலும் வெப்பமும் இல்லை, ஆகவே சிதைவு மெதுவாகவே நடந்தது. ஆனால் அந்த நஞ்சு அலை கடந்து போன பிறகு, மேலிருந்து நல்ல தண்ணீர் வர வர, ஆற்றின் நுண்ணுயிர்கள் சீக்கிரமே திரும்பிவிட்டன. மீன்கள் திரும்பத்தான் நாளானது. சயனைடு விபத்தின் முகம் இதுதான்: வரும்போது பேரழிவு, ஆனால் போய்விடும். இதைச் சொல்வதால் அது சின்ன விஷயம் என்று ஆகிவிடாது. அந்த ஆற்றை நம்பி மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு "சிதைந்துவிட்டது" என்ற சொல் எந்த ஆறுதலும் தராது.

பாதரசத்தின் கதை வேறு. 1848-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு உலகமே அங்கே ஓடியது. மலைச்சரிவுகளைப் பீரங்கி போன்ற குழாய்களால் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, அந்தச் சேற்றை நீண்ட மரக் கால்வாய்கள் வழியே விடுவார்கள், கால்வாயின் அடியில் பாதரசம் ஊற்றி வைத்திருப்பார்கள். தங்கம் அதில் மாட்டும், மீதிச் சேறு ஆற்றில் போகும். சேற்றோடு பாதரசமும் போனது. அந்தத் தங்க வேட்டையில் சுற்றுச்சூழலில் கலந்த பாதரசம் சுமார் ஒரு கோடி பவுண்டு, அதாவது ஏறக்குறைய 4,500 டன், என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மதிப்பீடு. கழிவுச் சேற்றை ஆற்றில் விடுவதற்கு 1884-இல் நீதிமன்றம் தடை போட்டது. அதோடு அந்த முறை கிட்டத்தட்ட நின்றுபோனது. நின்று 140 வருடம் ஆகிறது. இன்றும் அந்த மலையாறுகளின் பாறை இடுக்குகளில் வெள்ளி முத்துகளாகப் பாதரசம் கிடைக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பிடிக்கும் சில மீன்களை, குறிப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும், இவ்வளவுக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்று இன்றும் அறிவுறுத்துகிறார்கள்.

முத்தாகக் கிடக்கும் பாதரசம் மீனுக்குள் எப்படிப் போகிறது? இதுதான் இந்தக் கட்டுரையிலேயே நான் மிக முக்கியம் என்று நினைக்கும் பகுதி. பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம், ஆகவே ஆற்றின் அடிக்குப் போய் வண்டலில் புதைந்துகொள்ளும். ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையக்கூடிய வடிவத்துக்கு வரும். சேற்றின் அடியில், சதுப்பில், அணை நீர்த்தேக்கத்தின் ஆழத்தில், ஆக்சிஜன் இல்லாத இடங்களில், கந்தகத்தையும் இரும்பையும் வைத்து மூச்சுவிடும் சில பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை அந்தப் பாதரசத்தை எடுத்து அதன்மேல் ஒரு கார்பன் தொகுதியை ஒட்டிவிடுகின்றன. கிடைப்பது மெத்தில் பாதரசம். மினமாட்டா நோயைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஜப்பானில் 1956-இல் அதிகாரபூர்வமாக அடையாளம் காணப்பட்டது. ஒரு ரசாயன ஆலையின் கழிவிலிருந்து விரிகுடாவுக்குள் போய், மீன் வழியாக மனிதர்களின் மூளை நரம்புகளைத் தாக்கியது இதே மெத்தில் பாதரசம்தான்.

சயனைடுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சயனைடை நுண்ணுயிர் தொட்டால் நஞ்சு குறைகிறது. பாதரசத்தை இந்த நுண்ணுயிர்கள் தொட்டால் நஞ்சு கூடுகிறது.

மெத்தில் பாதரசம் உடம்பின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், வெளியேற நாள் எடுக்கும். மனித உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு மாதம். பாசியிலிருந்து சிறு பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போகும். உச்சியில் இருக்கும் கொன்றுண்ணி மீனில் அது சுற்றியுள்ள தண்ணீரைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் இருக்கலாம். தண்ணீரைச் சோதித்தால் குடிக்கத் தகுந்தது என்று வரும், அதே தண்ணீரில் வளர்ந்த மீன் சாப்பிடத் தகாததாக இருக்கும். தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளைவரை அது போகும் என்பதால்தான் கர்ப்பிணிகளுக்குத் தனி எச்சரிக்கை.

அடுப்பில் ஆவியாகப் போன பாதி என்ன ஆனது? அதில் கொஞ்சம் பக்கத்திலேயே, ஊதிக்கொண்டிருப்பவரின் நுரையீரலுக்குள்ளும் வீட்டுக் கூரையிலும் மண்ணிலும், இறங்கிவிடும். மீதி காற்றில் மாதக்கணக்கில் சுற்றிக் கண்டம் தாண்டி எங்கோ மழையோடு இறங்கும். அங்கிருந்து மறுபடி ஆவியாகும், மறுபடி இறங்கும். இப்படி எங்கோ ஓர் ஆற்றங்கரையில் சுட்ட பாதரசம் சுரங்கமே இல்லாத ஏரியின் மீனில் போய்ச் சேர்கிறது. மனிதர்கள் காற்றில் விடும் பாதரசத்தில் ஏறக்குறைய 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018 மதிப்பீடு சொல்கிறது. நிலக்கரி எரிப்பதைவிட இது அதிகம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்டு, 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம் சிறு சுரங்கங்களுக்கென்று தனிப் பிரிவே வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இன்னும் மோசம். பாதரசம் போட்டு எடுத்த பிறகும் கழிவு மண்ணில் நிறையத் தங்கம் மிச்சமிருக்கும், அதை எடுக்க அதே மண்ணில் சயனைடை ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சயனைடு பாதரசத்தையும் கரைத்துக்கொள்ளும். முத்தாக ஒரே இடத்தில் கிடந்த பாதரசம் இப்போது தண்ணீரில் கரைந்து, எங்கும் போகக்கூடிய, பாக்டீரியாவுக்கும் எளிதில் எட்டக்கூடிய வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு சயனைடு சிதைந்துவிடும், பாதரசம் மட்டும் ஆற்றில் பரவியபடி இருக்கும். பாதரசத்தை நீக்காத கழிவில் சயனைடு ஊற்றுவதை ஒழிக்க வேண்டிய மிக மோசமான நடைமுறைகளில் ஒன்றாக மினமாட்டா ஒப்பந்தம் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது.

இதுவரை பேசியது நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து போடும் ரசாயனங்களை. பாறைக்குள்ளேயே இருப்பவற்றை மறந்துவிடக் கூடாது. தங்கம் பெரும்பாலும் கந்தகம் கலந்த கனிமங்களோடு சேர்ந்தே இருக்கும். பூமிக்குள் இருக்கும்வரை அவை சும்மா இருக்கும். அரைத்து வெளியே குவித்ததும் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலமாக மாறும், அந்த அமிலம் பாறையிலுள்ள செம்பு, ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாவற்றையும் கரைத்து ஓடைக்குக் கொண்டுவரும். அமெரிக்காவின் கொலராடோவில் சம்மிட்வில் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் 1992 டிசம்பரில் திவாலாகிக் கைவிட்டுப் போனது. சயனைடு கசிவு அங்கே பெரிய செய்தியாக இருந்தது. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்தும் சுத்திகரிப்பு ஆலை ஓடிக்கொண்டிருப்பது அமிலத்துக்காகவும் செம்புக்காகவும்தான்.

கனடாவில் யெல்லோநைஃப் ஊருக்குப் பக்கத்தில் ஜயண்ட் சுரங்கம் என்று ஒன்று. அங்கே ஆர்சனிக் கலந்த பாறையை வறுத்துத் தங்கம் எடுத்தார்கள். வறுக்கும்போது வந்த வெள்ளைத் தூள், நம்மிடையே வெள்ளைப் பாஷாணம் என்று வழங்கும் ஆர்சனிக் டிரையாக்சைடு, 2,37,000 டன் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. தண்ணீரில் கரையக்கூடியது, பக்கத்தில் பெரிய ஏரி. ஆர்சனிக்கும் தனிமம்தான், உடைக்க முடியாது. சுற்றியுள்ள பாறையை உறையவைத்து, உறைந்த நிலையிலேயே வைத்திருப்பதுதான் அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழி. எத்தனை வருடத்துக்கு என்று கேட்டால், முடிவுத் தேதி எதுவும் கிடையாது.

அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் இரண்டு கதையும் ஒரே ஓடையில் பார்க்கலாம். 1984-இல் அங்கே சயனைடைத் தின்னும் பாக்டீரியாக்களைச் சுழலும் தட்டுகளில் வளர்த்து, கழிவுநீரை அவற்றின்மேல் ஓடவிடும் ஆலை கட்டினார்கள். வேலை செய்தது, வைட்வுட் ஓடைக்கு டிரவுட் மீன் திரும்பி வந்தது. ஆனால் 1977 வரை, சுமார் நூறு வருடம், அதே ஓடையில் கொட்டிய கழிவு மண்ணின் ஆர்சனிக் கீழே ஆற்றங்கரைகளில் படிந்துதான் கிடக்கிறது. அதைத் தின்று தீர்க்க எந்தப் பாக்டீரியாவாலும் முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? சயனைடைப் பொறுத்தவரை வழி இருக்கிறது, செலவு செய்ய மனம் இருந்தால். கழிவுக் குளத்துக்கு அனுப்பும் முன்பே கந்தக டை ஆக்சைடும் காற்றும் செலுத்தியோ ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தோ பெரும்பகுதியை உடைத்துவிடலாம். குளத்தின் கரை உறுதியாகவும், பெருமழையைத் தாங்கும் உயரத்திலும் இருக்க வேண்டும். ஹங்கேரி போன்ற சில நாடுகள் இந்த ஆபத்தே வேண்டாம் என்று சயனைடைத் தடை செய்திருக்கின்றன. என்னைக் கேட்டால், நல்ல கரையும் தொடர் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் தடைதான் சரி.

பாதரசத்துக்கு ஒரே வழி, வெளியே விடாமல் இருப்பது. மூடிய பாத்திரத்தில் சூடாக்கி ஆவியைக் குழாய் வழியே குளிரவைத்துப் பிடிக்கும் ரிட்டார்ட் என்ற எளிய கருவி பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துவிடும். அரைத்த முழுப் பாறையிலும் பாதரசத்தைக் கலக்காமல், கனத்தை வைத்து மணலை அலசிக் கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்தில் மட்டும் கலந்தால் செலவாகும் பாதரசம் வெகுவாகக் குறையும். இன்னும் ஒரு படி மேலே, பிலிப்பீன்ஸின் பெங்கெட் பகுதியில் சிறு சுரங்கக்காரர்கள் பாதரசமே இல்லாமல் வெங்காரத்தைச் சேர்த்து உருக்கித் தங்கம் எடுக்கிறார்கள். வெங்காரம் மற்ற கனிமங்களின் உருகுநிலையைக் குறைக்கும், அவை கசடாக ஒதுங்கத் தங்கம் அடியில் இறங்கும். எல்லாப் பாறைக்கும் இது ஒத்துவராது, ஆனால் ஒத்துவரும் இடத்தில் யாருடைய நுரையீரலும் பாழாகாது.

ஏற்கனவே ஆற்றில் இறங்கிவிட்ட பாதரசத்தை முழுவதும் திரும்ப எடுக்க இன்றுவரை நடைமுறைக்கு உகந்த வழி கிடையாது. தோண்டினால் வண்டல் கலங்கி இன்னும் பரவும், விட்டுவிட்டால் பாக்டீரியா தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மிச்சம் பிடிக்க முடிந்த பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துக் கறுப்புத் தூளாகவோ சிவப்புத் தூளாகவோ மாற்றி, தண்ணீர் புகாத இடத்தில் அடைத்து வைக்கிறார்கள். அந்தச் சிவப்புத் தூளுக்குத் தமிழில் பெயர் சாதிலிங்கம். முதன்முதலில் பாதரசத்தை எந்தக் கல்லிலிருந்து வறுத்து எடுத்தார்களோ அதே கல்தான்.